பலகையில் பெயர் வேண்டாம்

ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் மினிபஸ். ஜன்னல் கண்ணாடி கழன்று விழுமோ என்ற கவலையோடு இருந்தேன். முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள். மூத்தவர் ஊர்ப் பொதுமண்டபத்துக்குப் பதிவு எடுப்பவர் என்று பேச்சில் தெரிந்தது. மற்றவர் திடீரென்று சொன்னார்:

“மண்டபத்தைத் தாங்கோ அக்கா. ஆனா மகளின்ரை பேரைக் கேக்காதேங்கோ.”

“பேரில்லாமல் ஆருக்கெண்டு குடுக்கிறது? பேய்க்கோ?”

“போன முறை பொம்பிளை பேர், மாப்பிள்ளை பேர், போன் நம்பர் எல்லாம் வாசல் பலகையிலை எழுதிவிட்டியள். அதைப் பாத்திட்டுத்தானே ஆரோ மாப்பிள்ளை வீட்டுக்கு இல்லாததெல்லாம் சொல்லி, கலியாண எழுத்துக்கு முதலே சம்பந்தம் குழம்பினது.”

“ஓம், அது எங்கடை பிழைதான். இப்ப பலகையிலை திகதி மட்டும்தான். பேர் பூட்டின அலுமாரிக்குள்ளை, பூட்டுத் திறப்பு என்னட்டை. கலியாணம் முடிய அந்தத் தாளைக் கிழிச்சு உம்மட்டையே தருவன்.”

“வீட்டிலை உங்கடை மனிசன் கேட்டால்?”

“அந்தாளுக்கு நான் மத்தியானக் கறி என்னெண்டே சொல்லுறேல்லை.”

தாய் சிரித்துவிட்டார். “அப்ப எழுதுங்கோ!” என்று, வந்த சந்தோஷத்தில், மகளின் பெயரையும் புது மாப்பிள்ளையின் பெயரையும் உரக்கச் சொன்னார். பதினான்கு தலைகள் திரும்பின. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

வாசலில் நின்ற நடத்துநர் சொன்னார்: “பயப்பிடாதேங்கோ அக்கா, இந்தப் பாட்டுச் சத்தத்திலை ஒருத்தருக்கும் ஒண்டும் கேக்கேல்லை.”

பஸ்ஸில் பாட்டே போட்டிருக்கவில்லை. பதினான்கு தலைகளும் உடனே கடல் பக்கம் திரும்பின. என்னுடையதோடு பதினைந்து.