முட்டி வலியும் வெண்டைச்செடியும்

கேளம்பாக்கத்தில் ஏறிய ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் திடீரென்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்:

“முட்டி வலின்னு ஒரு பொய் சொன்னேன். வூட்டுக்கே நிம்மதி வந்திடுச்சி.”

“இன்னாக்கா சொல்ற?”

“என் பொண்ணு பெங்களூர்ல வேலைக்குப் போறேன்னா. அவங்கப்பா வேணாம்னாரு. பொங்கல்லேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. நடுவுல நான் பேஜாராயிட்டேன். மொட்டமாடியில வெண்டைச்செடி வச்சிகீறேன்ல? என்னால படி ஏற முடியல, நீங்க ரெண்டு பேரும் தண்ணி ஊத்துங்கன்னு அவகிட்டயும் சொன்னேன், அவருகிட்டயும் சொன்னேன்.”

“ஊத்துனாங்களா?”

“எங்க? அவரு ஊத்துவாருன்னு அவ வுட்டுட்டா. அவ ஊத்துவான்னு அவரு வுட்டுட்டாரு. சித்திரை வெயில்ல செடி தலை தொங்கிடுச்சி. ‘ஏம்மா, நீ ஊத்தலையா?’ன்னு மேலேர்ந்து பொண்ணப் பாத்து கத்துனாரு. அதான் மொதப் பேச்சு. அப்புறம் தெனம் சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணா ஏறுனாங்க. இப்ப அவரே அவளுக்கு பெங்களூருக்கு டிக்கெட் எடுத்துட்டாரு.”

“நீ மேல போவ மாட்டியா?”

“போனா பொய் தெரிஞ்சிடும்ல? கீழ குந்திகினு அவங்க சிரிக்கிறத கேட்டுகினு இருந்தேன். நேத்து, மாடியில ஒண்ணா சாப்பிடலாம்னு ஆளுக்கொரு கை புடிச்சி இட்டுகினு போனாங்க. ஒவ்வொரு படிக்கும் ‘அம்மா, அம்மா’ன்னு முனகிகினே ஏறுனேன்.”