சரியான இணைப்பு

லேப்டாப் திரை திடீரென்று இருண்டுபோனால் பெரும்பாலோர் அது செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். டார்ச் ஒன்றைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். படம் மங்கலாக அங்கேயேதான் இருக்கும். போனது பின்னால் எரிகிற விளக்கு மட்டும். அதைப் பேக்லைட் என்போம். நானும் என் தம்பியும் பிழைத்தது அந்த விளக்கை வைத்துத்தான்.

விளக்கே போய்விட்டதா, இல்லை அதற்கு மின்சாரம் போகவில்லையா என்று பார்க்க ஒரு கருவி வேண்டும். கடையில் கிடைக்கும். நான் வாங்கவில்லை. பழைய பிஸ்கட் டின்னுக்குள் நானே செய்தேன். மேலே மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, ஒரு ஸ்விட்ச், வயர் நுனியில் கவ்விப் பிடிக்கிற இரண்டு கிளிப்புகள். டிவி திரைக்கும் ஆகட்டும் என்று சற்றுப் பலமாகவே செய்துவிட்டேன். லேப்டாப்புக்குத் திருகைக் கொஞ்சம் திருப்பினால் போதும். கடைசிவரை திருப்பினால் ஆளைத் தூக்கிப் போடும்.

அதில் ஒரு பிழை நேர்ந்தது. சிவப்பு என்றால் பிளஸ், கறுப்பு என்றால் மைனஸ் என்பது எல்லா ஊருக்கும் பொது. நான் வேறு எதையோ யோசித்துக்கொண்டு வயர்களைச் சால்டர் வைத்து ஒட்டியதில் இரண்டும் இடம் மாறிவிட்டன. பிரித்து மாற்றப் போனேன். தம்பி கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுண்ணா. நம்ம ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா போதாதா?"

அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. அப்படியே விட்டோம்.

நாங்கள் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. அம்மா அப்பா போனபின் அவனை வளர்த்தது நான். கல்யாணம் செய்துவைத்ததும் நான்தான். எனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று தோன்றியதில்லை. ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து, காலையில் பேசிய நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை ஓட்டிவிடுவோம். அந்த அமைதியை எதிரே ஒருவன் இல்லாமல் உண்டாக்க முடியாது. தனியாக இருப்பவனிடம் இருப்பது அமைதி இல்லை, வெறும் சத்தமின்மை.

அவனுக்கு ஒரு பழக்கம். ஒரு வரிசை விளக்கைப் பார்த்து முடித்ததும் திரையைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும். அதற்காக ஸ்விட்சை அணைக்கச் சோம்பல்பட்டு, சிவப்பு கிளிப்பைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொள்வான். எங்கள் பெட்டியில் சிவப்புதானே மைனஸ். மேசையின் இரும்புத் தகட்டோடும் மைனஸைத்தான் சேர்த்திருந்தோம். அதனால் முழங்கை மேசையில் ஊன்றியிருந்தாலும் ஒன்றும் ஆகாது. "வீட்டுல சாப்பாடு போடலைன்னு என்னைத்தான் பேசுவாங்க, இரும்பைத் தின்னாதீங்க" என்று அவன் மனைவி கேலி செய்வாள். அவன் கிளிப்பைக் கடித்தபடியே சிரிப்பான்.

போன மாதம் ஒருநாள் வேலைக்கு நடுவே பேச ஆரம்பித்தான். அவன் மச்சான் வேறு ஊரில் பெரிய சர்வீஸ் சென்டர் வைத்திருக்கிறாராம். கூப்பிடுகிறாராம். குழந்தைகள் படிப்புக்கும் அங்கேதான் நல்லதாம். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கவேண்டும்.

நான் "ம்" என்றேன்.

"ஏதாவது சொல்லுண்ணா."

"போறேன்னு முடிவு பண்ணினவன்கிட்ட என்ன சொல்றது?"

அவன் தலை குனிந்தபடி திருகாணி ஒன்றை உருட்டினான். பிறகு பேச்சை மாற்றுகிறவன்போலச் சொன்னான்: "நான் போறதுக்குள்ள அந்தச் செவப்பு கறுப்பைச் சரியா மாத்தி வெச்சிடுண்ணா. புதுசா வர்ற ஆளுக்குத் தெரியாது. பாவம், எவனாவது மாட்டிக்கப்போறான்."

புதிதாக வருகிற ஆள். தன் நாற்காலியில் அதற்குள் ஒருவனை உட்காரவைத்துவிட்டான். அதைக்கூட அக்கறையாகத்தான் சொன்னான். அவன் நல்லவன். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

சில நாள் கழித்துப் பயணத்துக்குப் பெட்டி வாங்க மனைவியோடு கடைத்தெருவுக்குப் போனான். அந்த மத்தியானம் டின்னைத் திறந்தேன். அவன் கேட்டதைத்தான் செய்தேன். சிவப்பைப் பிளஸுக்கும் கறுப்பை மைனஸுக்கும் மாற்றி, மேசைத் தகட்டின் வயரை மைனஸிலேயே விட்டு, சால்டர் வைத்து, மூடியைப் போட்டுத் துடைத்தேன். துடைக்கும்போது திருகு கடைசிவரை திரும்பியிருக்கலாம். திரும்பியிருக்கலாம் என்று சொல்வது சரியில்லை. திருப்பினேன்.

உங்கள் மின்சார நிபுணர், கருவியில் தவறான இணைப்பு இருந்தது என்று சொல்லியிருக்கிறார். நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்ததே அதற்காகத்தான். விபத்து என்று எழுதி நீங்கள் மூடியிருப்பீர்கள். தம்பி மனைவியும் என்மேல் ஒரு சொல் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, இனி தனியாக எப்படி இருக்கப்போகிறீர்கள் மாமா என்றுதான் அழுதாள். ஆனால் தவறான இணைப்பு என்பது உண்மை இல்லை. செய்த நாளிலிருந்து அந்தப் பெட்டி சரியாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான். யாரை வேண்டுமானாலும் கூட்டிவந்து காட்டுங்கள்.

நான் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அவன் கையை நான் பிடிக்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல வந்து எதிரே உட்கார்ந்தான். ஒரு திரையைப் பிரித்து, இரண்டு கிளிப்பையும் மாட்டினான். நான் ஸ்விட்சைப் போட்டேன். விளக்கு எரியவில்லை. எரியாது. இந்த விளக்குகள் மின்சாரம் எதிர்த்திசையில் வந்தால் எரிவதில்லை. நாங்கள் பழகிய நிறக்கணக்கில் அவன் மாட்டியிருந்தான்.

அவன் கிளிப்பைக் கழற்றவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அண்ணா, கலரை மாத்திட்டியா?"

நல்ல கேள்வி. கெட்டிக்காரன் கேட்கிற கேள்வி. நான் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டேன். அவன் அவசரப்படுத்தவில்லை. எங்களுக்குள் எப்போதும் இருந்த அந்த அமைதி கடைசியாக ஒருமுறை மேசைமேல் வந்து உட்கார்ந்தது. அதற்குள் என்னால் ஸ்விட்சை அணைத்திருக்க முடியும்.

"இன்னும் இல்லடா," என்றேன். "அந்த வரிசை செத்திருக்கும். அடுத்ததைப் பாரு."

அவன் தலையாட்டிவிட்டுச் சிவப்பு கிளிப்பைக் கழற்றினான். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டமாட்டான்.