ரெண்டாவது கோட்டிங்

நாற்காலியெல்லாம் வேண்டாம்மா, இந்த பெஞ்சே போதும். உக்காந்துட்டா எந்திரிக்கத்தான் நேரமாகும், வேற ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க. இந்த மாதிரிப் படத்துக்குப் பேரு என்னது, மினிமலிசமா? ஒவ்வொண்ணாக் குறைச்சுக்கிட்டே போறதுக்கு இவ்வளவு நீளமா ஒரு பேரா. என் வாயில நுழையாது. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. அதுலயும் படம் வரையிற வகுப்புல தூங்கிடுவேன்.

சரி கண்ணு, நீன்னே சொல்றேன். என் பொண்ணைவிடச் சின்னவளாத்தான் இருக்க.

ஆமா, நான் அவன் அம்மாதான். வாசல்ல போட்டோ வச்சு, பிறந்த வருஷமும் தவறின வருஷமும் போட்டிருக்கீங்களே, அவன் அம்மா. ஜாடை தெரிஞ்சுதா? எல்லாரும் அவன அப்பா மாதிரின்னுதான் சொல்லுவாங்க. நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குற? வர்றவங்க எல்லாருக்கும் சுத்திக் காட்டி விளக்கம் சொல்றதுதான உன் வேலை, அதே மாதிரி எனக்கும் சொன்ன. நல்லாத்தான் சொன்ன. நான் முன்னாடியே சொல்லியிருந்தா நீ என் முகத்தப் பாத்துப் பாத்துப் பேசியிருப்ப. அதுக்காகத்தான் வாயத் திறக்கல.

அவன் அப்பாவா? வெளிய படிக்கட்டுல உக்காந்திருக்கார். நீ முதல்ல போய்ப் பாத்துட்டு வா, நான் வர்றதப் பத்தி அப்புறம் பாக்கலாம்னார். அதான் பாத்துக்கிட்டிருக்கேன்.

சின்ன வயசுல இவன் இப்படி இல்ல கண்ணு. ஒரு தாள் கிடைச்சா போதும், வீட்டுல இருக்கறது அத்தனையும் அதுல வந்துடும். அடுப்பு, அடுப்பு மேல பாத்திரம், பாத்திரத்துல இருந்து வர்ற ஆவி, கொடியில காயிற துணி, என் புடவையில இருக்கற கிழிசல் வரைக்கும். அதையாவது விட்டிருக்கலாம்ல. வளந்து காலேஜுல சேந்தப்புறம்தான் ஒவ்வொண்ணா எடுக்க ஆரம்பிச்சான். முதல்ல மனுஷங்க போனாங்க. அப்புறம் மேஜை நாற்காலி. அப்புறம் ஜன்னல். என் பொண்ணு கிண்டல் பண்ணுவா, என்னடா வீட்டைக் காலி பண்ணிக்கிட்டிருக்கியான்னு. கடைசியில சுவரு மட்டும் மிஞ்சுச்சு. வெள்ளையா, ஒண்ணுமே இல்லாம.

அவருக்கு அதுதான் தாங்கல. அவரு வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவரும்மா. கல்யாணம் ஆனப்பவே அந்த வேலைதான், இப்பவும் அதேதான். அவன் முதல் தடவை படத்தக் காட்சிக்கு வச்சப்ப எங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போனான். இஸ்திரி போட்ட சட்டையில வந்தார் மனுஷன். வெள்ளைப் படத்துக்கு முன்னாடி நின்னார், கட்டைவிரலால ஓரத்துல தேச்சுப் பாத்தார், அவர் எந்தச் சுவரையும் அப்படித்தான் பாப்பார். பாத்துட்டு, பிரைமர், அதான் பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு, நல்லா அடிச்சிருக்கான், இனிமே படத்த ஆரம்பிக்க வேண்டியதுதான்னார். அவன் கூட்டாளிங்க எல்லாம் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். ஆனா அதுக்கப்புறம் வீட்டுக்கு வர்றது குறைஞ்சு போச்சு. ரெண்டு தெரு தள்ளி ஒரு ரூம் எடுத்து அங்கயே படம் போட்டான்.

சண்டைன்னு சொல்ல முடியாது. சண்டை போட்டிருந்தாக்கூட ரெண்டு வார்த்த பேசியிருப்பாங்க. அவர் என்கிட்ட கேப்பார், உன் மகன் சாப்பிட்டானான்னு. அவன் என்கிட்ட கேப்பான், உன் வீட்டுக்காரருக்கு இருமல் எப்படி இருக்குன்னு. நடுவுல நான் ஒரு தபால்காரி.

அந்த ரூமுக்குப் போனதுக்கு அப்புறம்தான் அவன் படத்துல வெள்ளைக்கு நடுவுல இந்த நீலக் கோடு வந்துச்சு. நீ சொன்னியே, வானமும் பூமியும் சேர்ற இடம்னு. இருக்கலாம்மா, படிச்சவங்களுக்கு அப்படித் தோணலாம். எனக்குத் தெரிஞ்சு அது அவரோட நூல். சுவத்துல ரெண்டு கலர் அடிக்கணும்னா, ஒரு நூல நீலப் பொடியில நல்லாப் புரட்டி, இந்தக் கோடியில ஒருத்தர் அந்தக் கோடியில ஒருத்தர் இழுத்துப் பிடிச்சு, நடுவுல தூக்கி விடுவாங்க. பட்டுன்னு அடிக்கும். கோடு விழுந்துடும். லீவு நாள்ல அந்தக் கோடிய இவன்தான் பிடிப்பான். கிட்டப் போய்ப் பாரு, ஓரத்துல பொடி தெறிச்சிருக்கும். பென்சில்ல போட்டா தெறிக்குமா?

அந்த நூலக் காணோம்னு அவர் வீட்டையே புரட்டிப் போட்டார். நான்தான் குப்பையில கூட்டித் தள்ளிட்டேன்னு ஏச்சு வேற. பாத்தா அவன் ரூம்ல, ஜன்னல் கம்பியில சுத்தி வச்சிருக்கான். அப்பாகிட்ட சொல்லிடாதம்மான்னான். எல்லாப் படமும் முடியட்டும், நானே அவரக் கூட்டிக்கிட்டுப் போய் நிறுத்துறேன், பிரைமர்னு சொல்றாரா பாப்போம்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். நானும் வாயத் திறக்கல.

காய்ச்சல்னு படுத்தான். அவ்வளவுதான். மேல கேக்காத கண்ணு.

எனக்கு இந்தப் படம் புரிஞ்சுதான்னு கேக்குறியா? முன்னாடி புரியல. நான் சாமி கும்பிடுறவ. காலையில உக்காந்தேன்னா ஒரு பெரிய ஜாபிதாவே வச்சிருப்பேன். பொண்ணுக்கு வேலை மாத்தம், அவருக்கு இருமல், எனக்கு முழங்கால், இவங்க ரெண்டு பேரும் பேசிக்கணும், பக்கத்து வீட்டுக்காரி தண்ணிக் குழாயத் திறந்து போட்டுட்டுப் போகக் கூடாது, அது வரைக்கும் இருக்கும். கடவுளுக்கே மூச்சு முட்டியிருக்கும். இவன் போனப்புறம் உக்காந்தா ஒண்ணும் கேக்க வரல. கோவமும் இல்ல. கேக்குறதுக்கு எதுவும் இல்ல, அவ்வளவுதான். ஆனாலும் எந்திரிக்காம உக்காந்திருக்கேன். அப்படி ஒரு நாள் உக்காந்திருக்கும்போது தோணுச்சு, என் பிள்ளை இதத்தான் போட்டுக்கிட்டிருந்திருக்கான்னு. எல்லாத்தையும் எடுத்தப்புறமும் எந்திரிச்சுப் போகாம இருக்கறது. இது சரியா தப்பா, நீதான் சொல்லணும்.

சரின்னா சந்தோஷம்.

இப்ப இந்தக் கடைசிப் படத்துக்கு வா. இதுல மட்டும் கோடே இல்லன்னு நீதான் காட்டுன. அந்த ஒரு கோட்டையும் விட்டுட்டான், இருக்கறதுலயே இதுதான் பெரிசுன்னு சொன்ன. வெள்ளைகூட மத்ததவிடக் கெட்டியா இருக்கு, பிரஷ் தடமும் அகலமா இருக்கு, எப்படிப் பண்ணினான்னு தெரியலன்னு சொன்ன. தினம் லைட்ட அணைக்கறதுக்கு முன்னாடி இது முன்னால நின்னுட்டுத்தான் போவேன்னு சொன்ன. அதக் கேட்டுட்டுத்தான் இத உன்கிட்ட சொல்றேன்.

அது அவன் அடிச்ச வெள்ளை இல்ல கண்ணு. அவன் அப்பா அடிச்சது.

ரூமக் காலி பண்ணப் போயிருந்தோம். மத்ததெல்லாம் உங்க ஆளுங்க ஏற்கனவே எடுத்துட்டு வந்துட்டாங்க. இது ஒண்ணுதான் சுவத்துல சாஞ்சு நின்னுச்சு. அதுலயும் கோடு இருந்துச்சு, நான் பாத்தேன். அவன் முடிச்சுட்டான்னும் எனக்குத் தெரியும். ஆனா வெள்ளையடிக்கிறவங்களுக்கு நூல் கோடுன்னா அது வெறும் அடையாளம். வேலை முடிஞ்சா அது கண்ணுல படக் கூடாது, மேல பெயிண்ட் ஏறி மறைஞ்சுடணும். கோடு வெளிய தெரிஞ்சா பாதி வேலையில எந்திரிச்சுப் போயிட்டான்னு அர்த்தம். அவர் அப்படித்தான் நினைச்சார். பிள்ளை கோடு அடிச்சு வச்சுட்டான், ரெண்டாவது கோட்டிங்குக்கு அவனுக்கு நேரம் கிடைக்கலன்னு.

நான் பின்பக்கம் பாத்திரம் கழுவிட்டு வர்றேன். வீட்டுல இருந்து அவரோட நல்ல பிரஷ்ஷ எடுத்துட்டு வந்திருக்கார். பாதி அடிச்சாச்சு. ஜன்னல்ல இருந்த நூலும் அவர் தோள்ல கிடக்கு. அவன்கிட்ட பேசிக்கிட்டே அடிக்கிறார் கண்ணு. வருஷக் கணக்கா பேசாத மனுஷன். நூல் நேரா இருக்குடா, ஒரு மயிரிழை பிசகல, அந்தக் கோடியில யாரு பிடிச்சா உனக்குங்கறார். ஆணியில கட்டியிருப்பான் பாவம்னு நான் நினைச்சுக்கிட்டேன். யாரு இருந்தா அவனுக்கு. நீ விட்டத நான் முடிச்சுத் தர்றேண்டாங்கறார். அதக் கேட்டப்புறம் நான் என்னன்னு சொல்லி நிறுத்துறது, நீயே சொல்லு. ஈரத் துணியோட வாசல்லயே நின்னுட்டேன். காய்ஞ்சப்புறம் உங்க ஆளுங்க வந்து இதையும் எடுத்துட்டுப் போனாங்க.

அவருக்கு மத்த படத்துல என்ன இருக்குன்னு தெரியாது. உள்ள வந்தா எந்தச் சுவத்தப் பாத்தாலும் நூல் கோடு. யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், கோடுதான் படம், அததான் நாம மறைச்சுட்டோம்னு அவருக்கே தெரிஞ்சுடும். அதனாலதான் நான் கூப்பிடாம இங்கயே உக்காந்திருக்கேன். ஆனா பாக்காமலே போயிட்டா தன்னோட நூல் எங்கெங்க போச்சுன்னு அவருக்குத் தெரியாமலே போயிடும். அதுவும் பாவம் இல்லையா.

நீ அழாத. அதோ பாரு, வந்துட்டார். மிதியடியில காலத் தேச்சுக்கிட்டு நிக்கிறார். அடுத்தவங்க தரையில கறை படக் கூடாதுன்னு எங்க போனாலும் அப்படித்தான், அஞ்சு நிமிஷமாகும்.

நீ போய்க் கூட்டிக்கிட்டு வா. எல்லாத்தையும் காட்டு, எதையும் மறைக்காத. கடைசியா இதுகிட்ட நிறுத்தி, எனக்குச் சொன்னத அப்படியே சொல்லு, தினம் இதுகிட்ட நின்னுட்டுத்தான் போவேன்னு. அப்புறம் அவர் கட்டைவிரலால ஓரத்துல தேச்சுப் பாப்பார். தொடாதீங்கன்னு போர்டு வச்சிருக்கீங்க, பாத்தேன். இந்த ஒண்ண மட்டும் தொட விட்டுடும்மா.