எந்த நிறத் தோலிலும்

காது மடலைப் போலச் சாதுவான இடம் உடம்பில் வேறு இல்லை. கிள்ளினாலும் அவ்வளவாக வலிக்காது. ஒரு பக்கம் விளக்கு வைத்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும். என் கருவியை அங்கே மாட்டலாம் என்று தீர்மானித்தது அதனால்தான். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்று பார்த்தால் இதுதான்.

மருந்து என்னுடையதல்ல, என் கூட்டாளியுடையது. எந்நேரமும் கண்ணாடிக் குடுவையும் கையுமாகத் திரிவார் என்பதால் ஆய்வகத்தில் அவருக்குக் குடுவை என்றே பெயர். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை வழிக்குக் கொண்டுவரும் மருந்து அது. அளவு கொஞ்சம் குறைந்தால் வேலை செய்யாது. கொஞ்சம் கூடினால் இதயத்தையே நிறுத்திவிடும். அதனால் மருந்தின் மூலக்கூறில் ஒரு சின்ன வாலை ஒட்டவைத்தார். சிவப்பு ஒளி பட்டால் அந்த வால் மினுங்கும். காதில் மாட்டிய என் கிளிப் மினுக்கத்தை அளந்து, இரத்தத்தில் எவ்வளவு மருந்து ஓடுகிறது என்று எண்ணாகக் காட்டும். நர்ஸ் எண்ணைப் பார்த்து அடுத்த வேளை மருந்தைக் கூட்டுவார், அல்லது குறைப்பார். இரத்தம் எடுத்துக் கொடுத்துவிட்டு முடிவுக்காக நான்கு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே காப்புரிமை.

விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது காப்புரிமை வக்கீல் என்னை மடக்கினார். "இந்த மாதிரி கிளிப்பை ஏற்கெனவே ரெண்டு பேர் பதிவு பண்ணியிருக்காங்க சார். உங்களோடதுல என்ன புதுசு?"

அந்த இரண்டும் கருத்த தோலில் தடுமாறும். என்னுடையது தடுமாறாது என்றேன். 'எந்த நிறத் தோலிலும் பிழையின்றி அளக்கும்' என்ற வரியை நானே சொல்லி எழுதவைத்தேன். அப்போது அது பொய்யில்லை. ஆய்வகத்தில் ஒன்பது பேரிடம் சோதித்திருந்தேன். ஒன்பது பேரும் வெளிர் நிறம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

விண்ணப்பம் போன பிறகு வாசல் காவலாளியையும், எரிவாயு உருளை இறக்க வந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மருந்தில்லாத வெறும் வாலை மட்டும் செலுத்திப் பார்த்தேன். மூன்று பேருக்கும் கிளிப் காட்டிய எண், இரத்தத்தில் உண்மையில் இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கருத்த தோல் ஒளியைப் போகும்போதும் விழுங்குகிறது, வரும்போதும் விழுங்குகிறது. ஆய்வகக் குறிப்பேட்டில் இதை எழுதிய பக்கத்தை நான் கிழிக்கவில்லை. கிழித்தால் எதிர்த்தாள் கழன்று காட்டிக்கொடுத்துவிடும். முன் தாளோடு சேர்த்து ஒட்டிவிட்டேன். பசை காயும்வரை மேலே ஒரு அகராதியை வைத்திருந்தேன்.

குடுவையிடம் சொல்லவில்லை. அந்த வரி போனால் கிளிப் போகும், கிளிப் போனால் அவர் மருந்தைத் தொட ஒருவரும் துணியமாட்டார். பதினான்கு வருட உழைப்பு அது. அவர் மனம் உடைந்துபோவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மருத்துவமனைச் சோதனை முடிவதற்குள் திருத்தத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று இருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சோதனைக்கு அக்கா பெயர் கொடுத்தாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே அம்மா அப்பா என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான் அப்பாவைக் கொண்டு பிறந்தவன், வெளுப்பு. அவள் அம்மாவின் நிறம். பள்ளியில் அவளை மைக்கூடு என்பார்கள். அழமாட்டாள். "நான் சிரிச்சாத்தான்டா நான் இருக்கிறதே தெரியும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சலவைக் கூடத்தில் நீராவி இஸ்திரிப் பெட்டியோடு இருபது வருடம் நின்று என்னைப் படிக்கவைத்தாள். ஐந்து வருடமாக இதயம் படபடத்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம்க்கா" என்றேன்.

"ஏன்டா?"

இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றேன்.

"என் தம்பி செஞ்சதை என் காதுல மாட்டாம வேற யார் காதுல மாட்டுறது?" என்றாள்.

அவள் கிளிப்பை மட்டும் திறந்து, உள்ளே இருந்த கணக்கை அவள் தோலுக்கு ஏற்ப மாற்றினேன். அடையாளத்துக்கு ஓரத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டேன். பன்னிரண்டு கிளிப்பில் ஒன்று மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்டீர்களே, இதனால்தான். மற்ற பதினொன்றையும் ஏன் விட்டேன் என்றும் கேட்டீர்கள். பதினொன்றை மாற்றினால் காரணம் எழுத வேண்டும். ஒன்றை மாற்றினால் எழுத வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள் கடைசிக் கட்டிலில் இருந்த லாரி ஓட்டுநர் இறந்தார். கருத்த மனிதர். தலைமை மருத்துவர் என்னைக் கூப்பிட்டு, "உங்க கிளிப் சரியாத்தானே காட்டுது?" என்று கேட்டார். "சரியாத்தான் காட்டுது சார்" என்றேன். ஏற்கெனவே நைந்த இதயம் என்று எழுதிக்கொண்டார்கள். ஏழாம் நாள் பூக்கடைக்காரர் ஒருவர். அவருக்கும் அப்படியே எழுதினார்கள்.

எட்டாம் நாள் காப்புரிமை வழங்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. அக்காவிடம் காட்டத்தான் வார்டுக்குப் போனேன். குடுவையும் தலைமை மருத்துவரும் மருந்து நிறுவனத்து ஆட்கள் நான்கு பேரும் கூடவே வந்தார்கள். அக்கா கடிதத்தை வாங்கி, என் பெயர் இருந்த இடத்தைக் கட்டை விரலால் தடவினாள். அப்போது பக்கத்துக் கட்டில் அம்மாவின் காதைப் பார்த்தேன். அவரும் அக்காவின் நிறம்தான். கீறல் போட்ட கிளிப் அங்கே இருந்தது.

அக்கா என் பார்வையைக் கவனித்துவிட்டாள். "அவங்களோடது ரொம்ப இறுக்கம்டா. காது புண்ணாப் போச்சு. என்னோடது கொஞ்சம் தளர்வு, நேத்து மாத்திக்கிட்டோம்."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் தம்பி, உங்கக்கா கேக்கலை" என்றார் அந்த அம்மா.

"எல்லாம் ஒண்ணுதானேடா?" என்று அக்கா கேட்டாள்.

சுற்றி ஆறு பேர் நின்றார்கள். குடுவை என் தோளில் கை போட்டிருந்தார்.

"ஆமாக்கா. எல்லாம் ஒண்ணுதான்" என்றேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள், யாரும் இல்லாதபோது மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஏழரைக்கே வாசலுக்குப் போய்விட்டேன். நர்ஸ் ஆறு மணிக்கு எண்ணைப் பார்த்திருக்கிறார். குறைவாகக் காட்டியிருக்கிறது. கூடுதல் மருந்து கொடுத்திருக்கிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் உள்ளே போனபோது அக்காவின் காதிலிருந்து கிளிப்பைக் கழற்றியிருக்கவில்லை. நானே கழற்றிப் பார்த்தேன். மடலில் பல் பதிந்த மாதிரி ஒரு தடம். உண்மையிலேயே ரொம்ப இறுக்கம்தான். கையால் தேய்த்துவிட்டேன், போகவில்லை.

பக்கத்துக் கட்டில் அம்மா பிழைத்துவிட்டார். இப்போது நன்றாக நடக்கிறார் என்றார்கள். அக்காவின் காரியத்துக்கு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அவ கொடுத்த உயிர் தம்பி இது" என்று அழுதார். அவரோடு சேர்ந்து நானும் அழுதேன். அன்றிலிருந்து ஒழுங்காகத் தூங்கவில்லை.

கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போடுகிறேன். லாரி ஓட்டுநர், பூக்கடைக்காரர் விஷயத்தில் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அக்காவை நான் கொல்லவில்லை என்று மட்டும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவளுக்காக நான் எல்லாம் செய்திருந்தேன்.