எந்த விரல் முதலில்

எனக்கு வில் பிடிக்க வராது. ஒரே ஒருமுறை முயன்றேன். நாண் முன்கையில் அறைந்து கன்றிப்போனது. அணியின் முதல் வீராங்கனை யூன்-சோல்தான் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி ஒத்தடம் கொடுத்தாள். "நீங்க பேசாம கேமராவையே பிடிங்க அக்கா. வில்லு பாவம்" என்று சிரித்தாள். நல்ல பெண். அவள்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று நேற்றிலிருந்து விசாரிக்கிறீர்கள், ஐயா. அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

சுன்சோன் நகர வில்வித்தை அணியில் கையசைவைப் படமெடுத்து ஆராய்வது என் வேலை. வில்லில் ஒரு மெல்லிய தகடு உண்டு. நாணை முழுதாக இழுத்ததும் அது 'டிக்' என்னும். அந்தச் சத்தத்துக்கு விரல்கள் தாமாகத் திறக்க வேண்டும். மனம் இலக்கில் இருக்கும்வரை திறக்கும். மனம் விரலுக்கு இறங்கிவிட்டால் சிலருக்கு விரல்கள் பூட்டிக்கொள்ளும். எங்கள் மைதானத்தில் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வந்தவரோடு ஒரே மேசையில் சாப்பிடுவதும் இல்லை. தொற்றிவிடும் என்று பயம்.

நோய் வந்தவர்களை எல்லோரும் ஆராய்ந்திருக்கிறார்கள். அது தொடங்கும் கணத்தை யாரும் பார்த்ததில்லை. அதைப் பார்க்க நோயில்லாத ஒருத்தி வேண்டும். சுமாரானவளை எடுத்தால், அவள் எப்படியும் தடுமாறியிருப்பாள் என்பார்கள். ஆகவே யூன்-சோலை எடுத்தேன். வசந்தத்தில் தேசிய அணிக்கான தேர்வு. அவளுக்கு இடம் உறுதி என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். சிறுவயதிலிருந்து அவள் வேறு எதையும் கேட்டதில்லை.

மதியச் சாப்பாட்டில், என் தட்டிலிருந்து கிம்ச்சி ஊறுகாயைத் திருடிக்கொண்டிருந்தாள்.

"அம்பு விடுறப்போ எந்த விரல் முதல்ல திறக்குது?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? ஏன் அக்கா, படத்துல ஏதாவது கோணலா இருக்கா?"

"ஒண்ணுமில்ல. மோதிர விரல் கொஞ்சம் தயங்குற மாதிரி இருந்துச்சு."

தயங்கவில்லை. அவளுடைய விரல்களைப் போல ஒன்றாகத் திறக்கும் விரல்களை நான் பார்த்ததே இல்லை.

சில நாட்களில் தகடு சொடுக்கியது, அம்பு நின்றது. பயிற்சியாளர் பியோன் கத்தினார்: "என்னடி, அம்புக்குக் கல்யாண நாள் பாக்குறியா? விடுடி!" பெண்கள் சிரித்தார்கள். மறுபடியும் நின்றபோது யாரும் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அவளுக்கு இருபுறமும் காலியானது. நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

குணப்படுத்தச் சொல்லி என்னிடமே வந்தாள். நாணை இழுக்கும்போது ஏதாவது பாட்டை முணுமுணுத்தால் பலருக்குச் சரியாகிவிடும். அது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. தொடக்கம் கிடைத்துவிட்டது, எதுவரை போகும் என்பது இன்னும் கிடைக்கவில்லை. கண்ணாடி முன் நின்று விரல்களை உற்றுப் பார்க்கச் சொன்னேன். சொன்னபடி செய்தாள்.

தேர்வு நாளில் காற்றே இல்லை. தகடு சொடுக்கியது. வில் நடுங்கியது. நேரம் முடிந்ததும் அம்பை விடாமலே வில்லைத் தாழ்த்தினாள். நேராக என்னிடம் வந்தாள். "மன்னிச்சிடுங்க அக்கா. உங்க உழைப்பையெல்லாம் வீணாக்கிட்டேன்."

"எதுவும் வீணாகல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அணியை விட்டுப் போன பிறகும் வாரம் தவறாமல் என்னைப் பார்க்க வந்தாள். சாப்பிடும் குச்சியில் எந்த விரல் முதலில் அழுத்துகிறது என்று கேட்டேன். பிறகு சட்டைப் பொத்தானைப் பற்றிக் கேட்டேன். இரண்டுக்கும் விரல்கள் பூட்டிக்கொண்டன. பேனாவைப் பற்றி நான் கேட்கவேயில்லை. எழுதுவது தானாகவே அவள் கையை விட்டுப் போனது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அன்று மிகவும் மகிழ்ந்தேன்.

ஒருத்தியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அணியின் கடைக்குட்டி நா-ரியோங்கிடம் அதே கேள்வியைக் கேட்டபோது பியோன் என் பின்னால் நின்றிருந்தார்.

"யூன்-சோல்கிட்டயும் இதத்தான் கேட்டீங்களா, டாக்டர்?"

ஆமாம் என்றேன். முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். அவர் அந்தப் பெண்ணின் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்தி வெளியே கூட்டிப் போனார். கொஞ்சம் மிகையாகப் பட்டது.

ஆமாம், ஐயா, தெரிந்தே செய்தேன். ஆனால் ஈவிரக்கமில்லாதவள் என்று எழுதாதீர்கள். யூன்-சோல் இப்போது இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறாள். அந்தக் கையைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கத் தோன்றாமல் இல்லை. அவள்மேல் எனக்கு அவ்வளவு பாசம்.