எட்டாம் நம்பர் ஷூ

முத்தை மூச்சடக்கி எடுத்த கடலுக்கும், மூட்டையை முதுகில் ஏற்றிய துறைமுகத்துக்கும் பக்கத்தில், இந்த மாப்பிள்ளையூரணி மண்ணில், மங்கையருக்கென்றே ஒரு பளுதூக்கும் கூடம் எழுப்பி, அதன் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கி நடுநாயகமாக வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் தனராஜ் அண்ணாச்சி அவர்களே. அறிவிலும் அகவையிலும் மூத்த ஆன்றோர்களே. அடுப்பில் உலையை வைத்துவிட்டு அரை மனதோடு வந்தாலும் முன் வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அன்னையரே. புதுக் காலணி போட்டுப் பூரித்து நிற்கும் பதினான்கு வீராங்கனைகளே. இக்கூடத்தின் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டு, எனக்கு வலப்பக்கம் மூன்றாம் நாற்காலியில் அமர்ந்திருக்கும், என் வயிற்றெரிச்சலுக்கு இருபது ஆண்டுகளாக எண்ணெய் வார்த்து வரும் சரண்யாதேவி அவர்களே. உங்கள் அனைவருக்கும் நாசரேத்து உடற்கல்வி ஆசிரியை ஈவாஞ்சலின் கைகூப்பிச் சொல்லும் வணக்கம்.

சிரிக்காதிய. வயிற்றெரிச்சல் என்று பேச்சுக்கு அழகு சேர்க்கச் சொல்லவில்லை. உள்ளபடியே சொல்லுதேன். சற்று முன் இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் பொன்னாடையில் சரிகை இரண்டு விரற்கடை. என்னுடையதில் ஒன்று. உட்காரும் முன்பே அளந்துவிட்டேன். அண்ணாச்சி, நீங்க தலையைக் குனிய வேண்டாம், கடையில் இருந்தது அவ்வளவுதான் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் எரிகிறதே, அதுதான் பொறாமை.

எனக்குத் தந்த தலைப்பு, பளுதூக்கும் பெண்கள் காலணியும் காப்புக் கருவிகளும் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது. கேட்கிறேன், பளுவைத் தாங்குவது எது? கையா? கை பிடிக்கிறது. தோளா? தோள் ஏந்துகிறது. முதுகா? முதுகு நிமிர்கிறது. இத்தனையையும் சேர்த்துத் தரையில் ஊன்றி நிற்பது எது தாய்மாரே? பாதம். அந்தப் பாதத்துக்குப் போய் ஓடுகிற ஷூவை மாட்டி அனுப்புகிறோமே, அது தகுமா? ஓடுகிற ஷூவுக்கு அடியில் பஞ்சு. ஓடுகிறவளுக்கு அது சுகம். எழுபது கிலோவைத் தலைக்கு மேல் வைத்திருக்கிறவளுக்கு அது மெத்தை மேல் நிற்கிற கதை. கடைக்குப் போனால் குதிகாலைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

குதி கெட்டியாக இருக்க வேண்டும். கொஞ்சம் உயர்ந்தும் இருக்க வேண்டும். குத்தவைத்து உட்காரும்போது குதிகால் தூக்குகிற பிள்ளைக்கு அந்த உயரம்தான் துணை. பாதத்தின் மேலே பட்டை இருந்தால் இன்னும் நல்லது. சாயங்காலம் போய் வாங்குங்கள், பகலெல்லாம் நடந்து பாதம் விரிந்திருக்கும். பயிற்சிக்குப் போடுகிற அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். விரல் அசைய வேண்டும், குதி அசையக் கூடாது. இதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுதேன், குதி அசையக் கூடாது. ஏன் இதை அழுத்துகிறேன் என்று பிறகு தெரியும்.

பெல்ட்டைப் பற்றி ஒரு அக்கா வாசலிலேயே கேட்டார்கள், இறுக்கிக் கட்டினால் வயிறு உள்ளே போகுமா என்று. போகாது அக்கா. மூச்சை நிறைய இழுத்து, வயிற்றால் பெல்ட்டை முட்டித் தள்ள வேண்டும். அப்போதுதான் முதுகு நிற்கும். லேசான எடைக்கெல்லாம் கட்டினால் உடம்பு சோம்பேறியாகிவிடும். முழங்கால் உறை சூட்டைக் காக்கும், கெட்ட முழங்காலை நல்ல முழங்காலாக்காது. அது என்னைவிட யாருக்குத் தெரியும்? மணிக்கட்டுப் பட்டையை மூட்டுக்கு மேலே சுற்ற வேண்டும், வளையல் மாதிரிக் கீழே தொங்கவிடக் கூடாது.

இதுவரை பாடம். இனி வழக்கு. குற்றவாளி நான்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மாவட்டத்தில் ஒரே எடைப் பிரிவில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஆற்றங்கரை நெல் வயலிலிருந்து வந்த சரண்யா. இன்னொருத்தி நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை, நான். நான் அறுபது தூக்கினால் அவள் அறுபத்திரண்டு. நான் அறுபத்தைந்து என்றால் அவள் அறுபத்தேழு. அந்த இரண்டு கிலோ இருக்கிறதே, அதை நான் தூக்கவே இல்லை, ஆனால் ராத்திரி பகலாகச் சுமந்தேன். அவள் சாப்பிடுகிற முட்டையை எண்ணினேன். அவள் தண்ணீர் குடித்தால் எனக்குத் தாகம் எடுத்தது.

ஒரு நாள் அவளுடைய மாமா, கப்பலில் வேலை பார்க்கிறவர், சிங்கப்பூரிலிருந்து ஒரு ஷூ கொண்டு வந்தார். சிவப்பு நிறம், மரக் குதி, குறுக்கே வெள்ளைப் பட்டை. அதுவரை நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக் கேன்வாஸ் ஷூதான். அவள் அதைப் போட்டுக்கொண்டு தரையில் டக் டக் என்று நடந்து வந்தாள். ஏளா, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் என்ன செய்தேன்? அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அந்த ஷூப் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை எழுத்து விடாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். கம்பெனிப் பேர், மாடல், நிறம், நம்பர், எல்லாம். எங்க சித்தப்பா மகன் செல்வினும் கப்பலில்தான் இருந்தான். "எலே செல்வின், இதில் எழுதியிருக்கிறது அப்படியே வேணும், ஒரு எழுத்து மாறக் கூடாது" என்றேன். அவனும் தங்கமான பையன். அப்படியே கொண்டு வந்தான். சிவப்பு, மரக் குதி, வெள்ளைப் பட்டை. நம்பர் எட்டு.

என் கால் ஆறு.

ஆமா, நல்லாச் சிரிங்க. பொறாமையில் அவள் காலையும் சேர்த்துக் காப்பியடித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். மாற்றலாம் என்றால் செல்வின் கப்பல் திரும்பி வர எட்டு மாதம். அளவு பெரிசு என்று சொல்லலாம் என்றால், அவள் பெட்டியைப் பார்த்து எழுதினது சரண்யாவுக்குத் தெரிந்துவிடுமே. என்ன செய்ய? தினசரிப் பேப்பரைக் கசக்கி உருட்டி நுனியில் திணித்தேன். பட்டையை இறுக்கினேன். நானும் டக் டக் என்று நடந்தேன்.

மாநிலப் போட்டிக்கு மாவட்டத் தேர்வு. அவள் எழுபத்தைந்து தூக்கி முடித்து ஓரமாக நின்றாள். நான் எழுபத்தேழு கேட்டேன். அந்த இரண்டு கிலோவை அன்றைக்காவது அவள் பக்கம் தள்ளிவிட வேண்டும். எடை மாட்டிய இரும்புப் பாரை மார்புக்கு ஏற்றிவிட்டேன். அப்போது சரண்யா கத்தினாள், "ஈவா, ஷூவப் பாரு." எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. என்ன நினைத்தேன் தெரியுமா? தன் ஷூவைப் பார்த்து நான் வாங்கினதை ஊர் முன்னால் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். வீம்புக்கு, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகப் பிரித்து வைத்துத் தூக்கினேன். முன்கால் ஷூவுக்குள் வழுக்கியது, பின்கால் குதி வெளியே வந்தது, முழங்கால் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தேன். முழங்கால் ஜவ்வு அறுந்தது. என் ஆட்டம் அன்றோடு முடிந்தது.

இனிமேல்தான் நான் செய்த பாவம் வருகிறது. கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் எங்க ஞானபாக்கியம் அத்தை கேட்டாள், "ஏளா, அந்தச் சரண்யா உன்னையவே வச்ச கண்ணு வாங்காம பாத்தாளாமே, கண்ணு பட்டுட்டோ?" நாங்கள் ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிற குடும்பம். கண்ணேறு, திருஷ்டி எல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சிலேயே கிடையாது. ஆனால் அன்றைக்கு எனக்கு அது தேவைப்பட்டது. ஷூ பெரிசு என்று சொன்னால் நான் முட்டாள். கண் பட்டது என்றால் அவள் பாவி. நான் சொன்னது இரண்டே சொல். "ஆமா, பாத்தா."

பொய் சொல்லவில்லை. பார்த்தாள்தானே? அந்த இரண்டு சொல் நாசரேத்திலிருந்து ஓட்டப்பிடாரம் வரைக்கும் நடந்து போயிற்று. அவள் பயிற்சிக்கு வந்தால் மற்ற பிள்ளைகள் பாரைக் கீழே வைத்தார்கள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். ஒரு அம்மா துண்டை விரித்துத் தன் மகளை மறைத்தே நின்றாளாம். சரண்யா யாரிடமும் சண்டை போடவில்லை. யாராவது தூக்கினால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளப் பழகினாள். பிறகு வெளி மாவட்டத்துக்குப் போய், மூன்று பிள்ளைகளைத் தேசியப் போட்டி வரைக்கும் அனுப்பினாள். அந்தச் செய்தி பேப்பரில் வந்தபோதும் எனக்கு எரிந்தது. மறைப்பானேன்?

இன்று காலையில் அண்ணாச்சி என் கையில் ஒரு கடிதம் தந்தார். இதோ. ஒன்பது தாய்மார் கையெழுத்து. "சரண்யாதேவி எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம். அவர் கண் ஆகாது. ஈவாஞ்சலின் டீச்சரையே பயிற்சியாளராகப் போடுங்கள்." விழா முடியும் முன் முடிவைச் சொல்லுங்கள் என்றார் அண்ணாச்சி. கையெழுத்துப் போட்டவர்களே, எழுந்துவிடாதிய, உங்கள் பெயரை வாசிக்க மாட்டேன். என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? சந்தோஷம். இருபது வருஷத்துக்குப் பிறகு இரண்டு கிலோ எனக்கு அதிகம் என்ற சந்தோஷம். பொன்னாடை போர்த்துகிற மேடைக்கு இவள் ஏன் ட்ராக் பேண்ட்டோடு வந்திருக்கிறாள் என்று பார்க்கிறியளே, இந்த வேலையை ஏற்றுக்கொண்டு, அவள் முன்னாலேயே தூக்கிக் காட்ட வந்தேன்.

பிறகு அரை மணி நேரத்துக்கு முன் ஒன்று நடந்தது. நீங்களும் பார்த்தீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். சரண்யா தரையில் மண்டியிட்டுப் பதினான்கு பிள்ளைகளின் குதியையும் விரலால் அழுத்திப் பார்த்து, ஷூப் பட்டையை இழுத்துவிட்டாள். முதல் பிள்ளை போய் வெறும் பாரைத் தொட்டது. உடனே சரண்யா முகத்தைத் திருப்பி அந்தச் சுவரைப் பார்த்தாள். பயிற்சியாளர், தாய்மாரே. பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கப் போகிறவள். யாரும் சொல்லவில்லை, தானாகவே திரும்பிக்கொண்டாள். நான் சொன்ன இரண்டு சொல் இருபது வருஷம் கழித்து அவள் கழுத்தைத் திருப்பியதை இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்தப் பெட்டி, நல்ல ஷூ எப்படி இருக்கும் என்று காட்டக் கொண்டுவந்தது. அண்ணாச்சி, நீங்களே திறங்க. நம்பரை மைக்கில் வாசிங்க. எட்டு. உள்ளே விரலை விடுங்க. என்ன வருகிறது? பேப்பர். தேதி தெரிகிறதா? இருபது வருஷப் பேப்பர். நான் வீசவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

என்ன அக்கா, கண்ணேறே கிடையாதா என்றா கேட்கிறிய? கண் பட்டு என் கால் வழுக்கவில்லை அக்கா. ஷூ பெரிசு, அதனால் வழுக்கியது. அதைப் பார்த்தவள் அன்றைக்கு அவள் ஒருத்திதான். பார்த்துச் சொல்லவும் செய்தாள். கேட்காதவள் நான்.

பேச்சு போதும். அங்கே பலகை மேல் பார் இருக்கிறது, நாற்பது கிலோ. என் காலில் இருப்பது ஆறாம் நம்பர், குதி அசையாது. சரண்யா, இங்கன திரும்பு. சுவரில் ஒன்றும் இல்லை. நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரே போடு. கண்ணை எடுக்காமல் பாரு. தாய்மாரே, நீங்கள் இரண்டு பேரையும் பாருங்கள். அண்ணாச்சி, மைக்கைக் கொஞ்சம் பிடிங்க.

பாரைக் கீழே வைத்துவிட்டேன். மூச்சு வாங்குகிறது, பொறுங்கள்.

விழவில்லை. முழங்கால் இருக்கிறது, நானும் இருக்கிறேன். நான் தலைக்கு மேல் வைத்திருக்கும்போது ஒரு குரல் கேட்டதே, "ஈவா, இடது முழங்கை மடங்குது, நேராக்கு" என்று, அது யார் குரல்? இருபது வருஷமாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், என் இடது முழங்கை மடங்குகிறது என்று எனக்கே தெரியாது. நாற்பது நொடி பார்த்தாள், சொல்லிவிட்டாள். இதுவும் எரிகிறது. ஆனால் நேராக்கினேன்.

சரண்யா, உன் பேரைக் கெடுத்தவள் நான். மன்னிப்பாயோ மாட்டாயோ, ஊர் முன்னால் கேட்கிறேன். இந்த எட்டாம் நம்பர் உன் அளவு, உனக்குத்தான் சேரும். அண்ணாச்சி, இந்த வேலை எனக்கு வேண்டாம், அதுதான் என் பதில். கடிதத்தை எழுதியவர்களிடமே திருப்பித் தருகிறேன், கிழிப்பதும் வைப்பதும் அவர்கள் பாடு. என் வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள், பதின்மூன்று வயது. பட்டியலில் பதினைந்தாவதாக அவள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சி சரண்யாவிடம்தான். என் மகள் என்னைவிட இரண்டு கிலோ கூடத் தூக்கினால் அன்றைக்கு எனக்கு எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்லிவிட முடியாது.

உலையை மறந்து உட்கார்ந்திருந்த அன்னையருக்கும், மைக்கை நடுங்காமல் பிடித்த அண்ணாச்சிக்கும், எட்டு என்று எழுதியதால் எட்டையே வாங்கி வந்த செல்வினுக்கும் என் நன்றி. இந்தக் கூடத்தில் காலூன்றப் போகும் பதினைந்து பேருக்கும் என் வணக்கம்.

சரண்யா, என் மக தூக்கும்போது நீ சுவரைப் பாக்காதே. அவளைப் பாரு.