பக்கத்து இருக்கை பிரேக்

இந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது சார். ஒரு அட்டையை மடித்துக் கீழே வைத்தால் சரியாகிவிடும். கால் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவனுக்கு அது தொழில் புத்தி.

உரிமத் தேர்வு வைக்கிறவர் நீங்கள், கேட்டது நியாயமான கேள்விதான். என் மகளின் காரில் பக்கத்து இருக்கைக்கு எதிரே எதற்கு இன்னொரு பிரேக் மிதி? அதன் ரப்பர் ஏன் ஓட்டுகிறவர் பக்கத்து ரப்பரைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கிறது? எதையும் மறைக்கப்போவதில்லை. முழுக்கக் கேட்டால் நீங்களே தலையாட்டுவீர்கள்.

ஊருக்கெல்லாம் கிளட்ச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் மகளோ வேறு பள்ளியில் ஆட்டோமேட்டிக்கில் கற்று, ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் உரிமம் வாங்கி, அப்படியொரு காரையும் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள். கிளட்சே இல்லாமல், இடது கால் இடித்த புளி மாதிரி சும்மா கிடக்கும் வண்டி. அதையும் பொறுத்துக்கொண்டேன். கால்நடை மருத்துவம் படித்தவளுக்கு அடுத்து வேலை கிடைத்தது, தொலைவில், வேறு ஊரில். பண்ணை பண்ணையாகப் போய் மாடு பார்க்க வேண்டும். வண்டி ஓட்டத் தெரிந்தால்தான் வேலை. "நானே ஓட்டிட்டுப் போயிடுவேன்ப்பா, நீங்க வர வேணாம்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அவள் தோழிகளோடு ஊர் சுற்றப் போயிருந்த சமயம், வண்டியை என் மச்சானின் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். மனைவியின் தம்பி, மெக்கானிக்.

"ஆட்டோமேட்டிக்கைத் தூக்கிட்டு கியர் வைக்கணுமா? எல்லாரும் கியர் வேணாம்னுதானே அலையறாங்க. உங்களுக்கு மரை ஏதும் கழண்டுடுச்சா மச்சான்?"

"கழட்டி மாட்டறது உன் வேலை. அதை மட்டும் பாரு."

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரன். பழைய கியர்பாக்ஸை இறக்கி, விபத்தில் நொறுங்கிய அதே மாடல் வண்டியிலிருந்து வேறொன்றை ஏற்றி, கிளட்ச் வைத்து, கியர் தண்டும் நட்டுவிட்டான். வண்டியின் கம்ப்யூட்டருக்கு மட்டும் விஷயம் எட்டவே இல்லை. நான்காவது கியரில் பறந்தாலும் திரையில் 'பார்க்கிங்' என்றே காட்டும். பாவம், அதற்கும் என் மகளுக்கும்தான் ஒன்றும் தெரியாது.

அவளிடம் கியர்பாக்ஸ் போய்விட்டது என்றேன். பொய்யில்லை. போய்த்தான் விட்டது, மச்சானின் பரணுக்கு.

இப்போது வண்டி அவளுடையது, ஆனால் அவளுடைய உரிமம் அதற்குச் செல்லாது. அப்பாதான் கற்றுத்தர வேண்டும். கற்றுத்தருகிற வண்டி என்றால் பக்கத்து இருக்கையிலும் பிரேக் வேண்டும். பாதுகாப்பு முக்கியம், உங்களுக்குத் தெரியாததா?

தொல்லை என்னவென்றால், அவளுக்கு உடனே வந்துவிட்டது. கிளட்சை விட்டாள் பாருங்கள், தூங்குகிற குழந்தையைக் கீழே கிடத்துகிற மாதிரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கால் தானாகப் பிரேக் மேல் போனது. அழுத்தவில்லை சார், வைத்தேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

"சரியாத்தானேப்பா விட்டேன்?"

"அவசரப்பட்டுட்டம்மா."

அதன்பின் மேட்டில் நின்றது, சிக்னலில் நின்றது, பின்னால் வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். வேலையில் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டாள், மறுபடியும் கேட்டாள். ஒரு நாள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, "நான் மக்குப்பா. மாட்டு வயித்துல கை விட்டு கன்னுக்குட்டியைத் திருப்பிடறேன், இது வர மாட்டேங்குது" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு முறை என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வண்டி நிக்கறப்பல்லாம் பின்னாடி சிவப்பு லைட் எரியுதே, யாரு பிரேக் போடறாங்க?" என்று கேட்டாள். கூர்மையான கண். அன்றே பிரேக் விளக்கின் பல்புகளைக் கழற்றி வைத்தேன். இன்று கியர் வண்டி உரிமத்துக்குத் தேர்வு என்பதால் திரும்ப மாட்டிவிட்டேன். சட்டம் சட்டம்தான், அதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

தேர்வே வேண்டாம் என்றுதான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். தாயும் மகளும் கேட்கவில்லை. திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. நீங்கள் வந்து என் இடத்தில் உட்கார்ந்தீர்கள். மேடு ஏறினாள், பின்னோக்கி எடுத்தாள், ஓரிடத்திலும் நிற்கவில்லை. இறங்கியதும் உங்கள் காலைப் பார்த்தாள். அந்தப் பிரேக்கைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நீங்கள் அவளுக்குப் பாஸ் போட்டுவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டீர்கள்.

ஆமாம் சார், வண்டியை மாற்றியதும் நான்தான், ஓடவிடாமல் நிறுத்தியதும் நான்தான். ஆனால் இதில் தப்பு எங்கே இருக்கிறது? அந்தப் பிள்ளைக்கு வண்டி ஓட்ட வராது. எத்தனை முறை நின்றது என்று நானே பக்கத்தில் இருந்து பார்த்தவன். எந்தத் தகப்பன் தனியாக அனுப்புவான்?

அது எங்கள் வண்டிச் சத்தம். ஜன்னல் வழியாகப் பாருங்கள். மகள் ஓட்டுகிறாள். பக்கத்தில் என் மனைவி, பிரேக்கில் பட்டுவிடாமல் இரண்டு காலையும் இருக்கை மேல் தூக்கி மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னை விட்டுவிட்டா கிளம்புகிறார்கள்? கிளம்பட்டும். கேட்டில் நின்றுவிடும்.

நிற்கவில்லை. இரண்டாவது கியர் விழுந்தது, பிசிறே இல்லை, கேட்டீர்களா? நான் சொல்லிக்கொடுத்தது. மூன்றாவது.

ஜன்னலைச் சாத்தாதீர்கள் சார், கொஞ்சம் பொறுங்கள். தெரு முனையில் எப்படியும் நின்றுவிடும்.